முளைப்பாரி குட்டையானால் யார் குற்றம்?

அம்மன் கொடை நெருங்கிவிட்டால் மும்பையில் தமிழர்கள் குடியிருக்கும் சந்துகளில் ஒரு பரபரப்பு தொற்றிக்கொள்ளும். பந்தல்காரர், மேளக்காரர், வசூல் நோட்டு என்று ஆண்கள் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருப்பார்கள். பெண்களுக்கு ஒரே கவலைதான். முளைப்பாரி இந்த வருஷம் எப்படி வரும்?

திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் சீமைகளிலிருந்து பிழைக்க வந்தவர்களுக்கு இது விளக்கம் தேவைப்படாத விஷயம். மற்றவர்களுக்காகச் சொல்ல வேண்டுமானால்: சட்டியிலோ கூடையிலோ வைக்கோலும் காய்ந்த சாண எருவும் போட்டு, ஊறவைத்த நவதானியத்தைத் தூவி, வெளிச்சம் படாத அறையில் வைத்துத் தண்ணீர் தெளித்து வருவார்கள். இரவில் சுற்றி நின்று கும்மியடிப்பார்கள். ஏழு முதல் பத்து நாளில் வெளிறிய மஞ்சள் நிறத்தில் நெடுநெடுவென்று முளைகள் எழும்பி நிற்கும். அதைத் தலையில் சுமந்து ஊர்வலமாகப் போய் நீரில் கரைத்துவிடுவார்கள். பாரி உயரமாக வளர்ந்தால் மழை பெய்யும், ஊர் செழிக்கும். குட்டையாகப் போனால்?

குட்டையாகப் போனால் வளர்த்தவள்தான் குற்றவாளி.

"ஏட்டி, என்ன கொறை வச்சே? எல்லாருக்கும் நெட்டையா வந்திருக்கு, ஒனக்கு மட்டும் இப்படிக் குத்துச்செடியா நிக்கி!" என்று மாமியார் கேட்பார். "நான் சுத்தபத்தமாத்தான் இருந்தேன் அத்தே. ஒரு நாள் கூடத் தண்ணி தெளிக்காம விடலே" என்று மருமகள் கண் கலங்குவாள். தீட்டுப்பட்டிருக்கும், விரதம் தவறியிருக்கும், பொறாமைக்காரி கண் பட்டிருக்கும் என்று அக்கம்பக்கத்தில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பிள்ளையில்லாத பெண்ணாக இருந்துவிட்டால் அந்தப் பேச்சு ஒரு வருஷம் ஓயாது.

அந்தப் பெண்ணின் வீட்டை ஒருமுறை பார்த்தால் போதும், வேறொரு காரணம் கண்ணுக்குத் தெரியும். பத்துக்குப் பன்னிரண்டடி அறை. அதிலேயே அடுப்பு, அதிலேயே மோரி, அதிலேயே ஐந்து பேர். பரீட்சைக்குப் படிக்கும் பையனுக்காக இரவு பதினொரு மணி வரை விளக்கு எரியும். இரண்டாம் ஷிப்டு முடித்து வரும் வீட்டுக்காரருக்காக ஒரு மணிக்கு மறுபடி எரியும். முளைப்பாரிச் சட்டி இருப்பது சாமி அலமாரிக்குக் கீழே. அலமாரியில் இருபத்து நாலு மணி நேரமும் ஒரு சிவப்பு ஜீரோ வாட் பல்பு.

குற்றம் மருமகள் மீது அல்ல, அந்த விளக்குகள் மீது என்று தாவர நூல் படித்தவர்கள் சொல்லிவிடுவார்கள்.

இருட்டில் ஏன் நெட்டை?

வெளிச்சம்தான் செடிக்கு உயிர், அப்படியிருக்க இருட்டில் வைத்த முளை எப்படி அதிகம் வளர்கிறது என்ற கேள்வி நியாயமானது. விதை மண்ணுக்குள் கிடக்கும்போது அதன் நிலைமையை நினைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். மேலே எத்தனை அங்குலம் மண் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. கையில் இருப்பது தாய்ச்செடி கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு மட்டும்தான். அது தீருவதற்குள் மண்ணைப் பிளந்து வெளியே வந்தாக வேண்டும். வராவிட்டால் சாவுதான்.

ஆகவே இருட்டில் இருக்கும் வரை முளை சிக்கனமாக நடந்துகொள்கிறது. இலை விரிப்பதில்லை, பச்சையம் செய்வதில்லை, வேருக்கும் அதிகம் செலவிடுவதில்லை. இருப்பதையெல்லாம் தண்டை நீட்டுவதிலேயே போடுகிறது. பாசிப்பயறு, தட்டப்பயறு முளைகளைக் கவனித்தவர்களுக்குத் தெரியும், நுனி கொக்கி போல் வளைந்திருக்கும். மண்ணை முட்டித் தள்ளும் வேலையை அந்த வளைவு ஏற்றுக்கொள்கிறது. இளங்குருத்து பின்னால் பத்திரமாகத் தொங்கிக்கொண்டு வருகிறது. நெல்லும் சோளமும் வேறு வழி வைத்திருக்கின்றன. அவற்றின் முதல் இலை ஓர் உறைக்குள் சுருண்டு, ஊசி போல் மண்ணைத் துளைத்து வருகிறது.

மேலே வந்து வெளிச்சம் பட்டதும் எல்லாம் மாறுகிறது. தண்டு நீள்வது குறைகிறது. நீல ஒளி பட்டால் ஒரு நிமிஷம் கூட ஆகாமல் வேகம் குறையத் தொடங்குகிறதென்று அளந்து பார்த்திருக்கிறார்கள். கொக்கி நிமிர்கிறது, விதையிலைகள் விரிகின்றன, சில மணி நேரத்தில் பச்சை ஏறுகிறது. பூக்கும் தாவரங்களில் பச்சையம் உண்டாகும் கடைசிக் கட்டத்துக்கு வெளிச்சம் கட்டாயம் வேண்டும். அதனால்தான் இருட்டு முளைக்குப் பச்சை கிடையாது. முளைப்பாரியின் அந்த மஞ்சள், காரட்டிலும் பூசணியிலும் இருக்கும் நிறப்பொருள்களின் இனத்தைச் சேர்ந்தது. எப்போதும் உள்ளே இருப்பதுதான். பச்சை வந்து மூடாததால் வெளியே தெரிகிறது.

ஊரில் முளைப்பாரிக்கென்று தனி வீடு ஒதுக்கி, சன்னலைச் சாக்கால் மறைத்து, கண்டவர்களும் கதவைத் திறக்கக் கூடாதென்று காவல் வைத்தது சடங்கு மட்டுமல்ல. நெட்டையான முளைக்கு வேண்டிய ஏற்பாடே அதுதான். மும்பைக்கு வரும்போது சடங்கு கூட வந்தது, இருட்டறை வரவில்லை.

இன்னொன்று. ஒளியை உணர்வதில் முளை மிகவும் கூர்மையானது. சில வினாடி நேரம் பட்ட மங்கலான ஒளி கூட, இருட்டில் வளர்ந்த முளைக்கு 'மேலே வந்துவிட்டாய்' என்று சேதி சொல்லப் போதுமானது. முக்கியமாகச் சிவப்பு. ஆராய்ச்சிக்கூடங்களில் இருட்டு முளைகளைக் கையாளுபவர்கள் மங்கலான பச்சை விளக்கில்தான் வேலை செய்வார்கள், பச்சைக்கு முளை அதிகம் அசைவதில்லை என்பதால். சாமி அலமாரியில் எரிவதோ சிவப்பு. இதைவிடப் பொருத்தமில்லாத விளக்கை முளைப்பாரிக்குத் தேடிப்பிடிக்க முடியாது.

விளக்கு ஒன்றே காரணமென்று அடித்துச் சொல்லவும் கூடாது. நாள்பட்ட பயறு, தண்ணீர் தேங்கி வேர் அழுகுவது, மழைக்கால ஈரத்தில் பூஞ்சணம் பிடிப்பது என்று பலவும் உண்டு. ஆனால் பச்சை நிறத்தில், இலை விரிந்து, குட்டையாக நின்றால் சந்தேகமே வேண்டாம், வெளிச்சம் பட்டிருக்கிறது. அந்தச் செடி உண்மையில் மற்றதைவிட ஆரோக்கியமானது. நெட்டையாக நிற்கும் மஞ்சள் முளையைப் பத்து நாளுக்குப் பிறகும் அப்படியே இருட்டில் விட்டால் கட்டுச்சோறு தீர்ந்து சரிந்துவிடும். பெரியவர்கள் அதற்குள் நீரில் கரைக்க நாள் குறித்தார்கள்.

சிவப்புக்கு ஒரு சுவிட்ச்

சிவப்பு ஒளிக்கு முளை ஏன் இப்படி ஆடுகிறது என்பதற்கு விடை தந்தது லெட்டூஸ் விதை. பர்கருக்கும் சாண்ட்விச்சுக்கும் நடுவே வைக்கிறார்களே, அந்தக் கீரைதான். அதில் ஒரு ரகத்தின் விதை வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும். அமெரிக்காவில் வாஷிங்டன் நகருக்கு அருகே பெல்ட்ஸ்வில் என்ற ஊரில் உள்ள அரசு வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் போர்த்விக், ஹெண்ட்ரிக்ஸ் என்பவர்களும் அவர்களது சகாக்களும் 1952-ல் அந்த விதைகள் மீது நிறம் நிறமாக ஒளி பாய்ச்சிப் பார்த்தார்கள்.

சிவப்பு ஒளி காட்டினால் நூற்றுக்கு 70 அளவில் முளைத்தன. சிவப்பைக் காட்டிவிட்டு உடனே 'தொலைச்சிவப்பு' ஒளியைக் காட்டினால் 6 அளவுக்கு விழுந்துவிட்டது. தொலைச்சிவப்பு என்பது சிவப்புக்கும் அப்பால், நம் கண்ணுக்கு அநேகமாகத் தெரியாத விளிம்பு நிறம். மறுபடி சிவப்பு காட்டினால் மறுபடி முளைத்தன. எத்தனை முறை மாற்றி மாற்றிக் காட்டினாலும் கடைசியாகக் காட்டியது எதுவோ அதுதான் செல்லுபடியானது. வீட்டு மின்சார சுவிட்சைப் பத்து தடவை மேலும் கீழும் தட்டினாலும் கடைசியில் எப்படி விட்டோமோ அதுதானே கணக்கு. அதே கதை.

செடிக்குள் அப்படியொரு சுவிட்ச் இருக்க வேண்டுமென்று ஊகித்தவர்கள் 1959-ல் சோள முளைகளில் அதைக் கருவி வைத்துக் கண்டுபிடித்தார்கள். 'பைட்டோகுரோம்' என்று பெயரிட்டார்கள். 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு பட்டால் அது விழித்த நிலைக்குப் போகும், 730 அளவிலுள்ள தொலைச்சிவப்பு பட்டால் தூங்கும் நிலைக்குத் திரும்பும். விழித்திருந்தால் தண்டின் நீட்டத்தை அடக்கி வைக்கும். தூங்கினால் தண்டு ஓட ஆரம்பித்துவிடும்.

பக்கத்து வீட்டுக்காரன் வருகிறான்

இந்தச் சுவிட்ச் இருட்டையும் வெளிச்சத்தையும் பிரித்துச் சொல்வதோடு நிற்கவில்லை. அதைவிட சாமர்த்தியமான வேலை ஒன்றும் செய்கிறது.

பச்சை இலை சூரிய ஒளியிலுள்ள சிவப்பை உறிஞ்சிக்கொள்ளும். அதுதான் அதன் சாப்பாடு. தொலைச்சிவப்பு அதற்கு வேண்டாதது, பாதியைத் திருப்பி அடிக்கும், பாதியைக் கீழே விட்டுவிடும். ஆகவே திறந்த வெயிலில் தொலைச்சிவப்பு ஒரு பங்கு இருந்தால் சிவப்பு 1.2 பங்கு அளவில் இருக்கும். அடர்ந்த மரத்தடியில் அது 0.1-க்கும் கீழே போவதுண்டு. சுவர் நிழலில் வெளிச்சம் மொத்தமாகக் குறையும், ஆனால் இந்த விகிதம் இலை நிழலில் போல் சரிவதில்லை. செடிக்கு இரண்டும் ஒன்றல்ல. சுவர் வளராது, பக்கத்துச் செடி வளரும்.

விகிதம் சரிந்தால் முளை என்ன செய்கிறது? தண்டை நீட்டுகிறது. கணுவுக்குக் கணு இடைவெளி கூடுகிறது. கிளை விடுவதை நிறுத்திவைக்கிறது. இலையை மேல்நோக்கித் தூக்குகிறது. எட்டிப் பார்த்து வெயிலைப் பிடித்துவிட வேண்டுமென்ற ஓட்டம். சர்ச்கேட் லோக்கலில் எட்டரை மணிக்கு நிற்பவர்கள் கழுத்தை நீட்டி மூச்சு வாங்குவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது.

நிழல் விழுந்த பிறகு ஓடுவதில் ஆச்சரியமில்லை. விழுவதற்கு முன்பே ஓடுகிறது என்று காட்டியவர்கள் அர்ஜெண்டினா நாட்டு விஞ்ஞானிகள். பயாரே என்பவரும் அவரது கூட்டாளிகளும் ஊமத்தை இனத்துச் செடி ஒன்றையும் வெண்கடுகையும் வெயிலில் நட்டார்கள். ஒன்றின் நிழல் இன்னொன்றின் மேல் விழவில்லை. இருந்தும் பக்கத்தில் செடி இருந்தால் தண்டு நீண்டது. பக்கத்து இலைகள் பக்கவாட்டில் எதிரடிக்கும் தொலைச்சிவப்புதான் காரணமோ என்று சந்தேகித்தார்கள். இளந்தண்டுகளைச் சுற்றி மயில்துத்தக் கரைசல் நிரப்பிய சிறு கண்ணாடிக் கவசம் மாட்டினார்கள். அந்த நீலக் கரைசல் தொலைச்சிவப்பை வடிகட்டிவிடும். கவசம் போட்ட தண்டுகள் பக்கத்தில் ஆளிருப்பதையே அறியாதவை போல் நிதானமாக வளர்ந்தன. 1990-ல் வெளிவந்த ஆராய்ச்சி இது. மயில்துத்தத்தை வைத்துக்கொண்டு செடியின் கண்ணைக் கட்டிய அந்த யுக்தியை எத்தனை பாராட்டினாலும் தகும்.

எட்டிப் பார்ப்பதற்கு விலை

கழுத்தை நீட்டுவது இலவசமல்ல. தண்டுக்குப் போனது வேருக்கும் மணிக்கும் கிடைக்காது. நெட்டையான தண்டு மெல்லியதாக இருக்கும், காற்றடித்தால் சாயும். ஊரில் இன்னும் ஒரு ஏக்கரோ அரை ஏக்கரோ வைத்திருந்து மணியார்டர் காலத்திலிருந்து இன்றுவரை விதைப்புக்குப் பணம் அனுப்பி வருபவர்களுக்கு இது வேடிக்கைச் செய்தியல்ல. முதல் களையெடுப்பைத் தள்ளிப்போட்டால், களை உரத்தைத் தின்பது ஒரு நஷ்டம். களையின் பச்சையைக் கண்டு பயிர் தண்டுக்குச் செலவழித்துவிடுவது இன்னொரு நஷ்டம். அது பிறகு களையைப் பிடுங்கினாலும் முழுதாகத் திரும்பி வராது. களையாளுக்குக் கூலி கொடுக்கக் காசில்லை, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று கடிதம் எழுதியவர்கள் அறுவடையின்போது கணக்குப் பார்த்திருப்பார்கள்.

நாற்றங்காலில் விதையைக் கொட்டிக் குவிப்பதும் அதே தவறுதான். நெருக்கத்தில் வளர்ந்த தக்காளி, மிளகாய் நாற்று பார்வைக்கு உயரமாக இருக்கும். விலை கொடுத்து வாங்குபவர் உயரத்தைப் பார்த்து ஏமாறுவார். வாங்கத் தகுந்தது குட்டையாக, தடித்த தண்டோடு, கணுக்கள் நெருங்கி இருக்கும் நாற்று.

நெருக்கி விதைப்பதே ஆதாயமான பயிர்களும் உண்டு. மும்பை மார்க்கெட்டில் சமுத்ர மேத்தி என்று சின்னச் சின்னக் கட்டாக விற்கிறார்களே, வெள்ளைத் தண்டும் நுனியில் இரண்டு குட்டி இலையுமாக, அது மணலில் நெருக்கமாக விதைத்துச் சில நாட்களிலேயே வேரோடு பிடுங்கிய வெந்தயம். அங்கே நீண்ட இளந்தண்டுதான் சரக்கு. தண்டவாள ஓரத்தில் பாலக்கும் மேத்தியும் அடர்ந்து கிடப்பதை லோக்கலில் போகிறவர்கள் பல்லாண்டுகள் பார்த்திருக்கிறார்கள். காலி நிலத்தில் பயிர் செய்ய ரயில்வே தன் கடைநிலை ஊழியர்களுக்கு உரிமம் கொடுத்த திட்டம் அது. அங்கும் கீரையை நெருக்கி விதைப்பார்கள், வெண்டைக்கு மட்டும் இடம் விடுவார்கள். பைட்டோகுரோம் என்ற பெயரை அவர்கள் கேள்விப்பட்டிருக்க வேண்டியதில்லை.

நிழலில் சுகப்படுபவை

எல்லாச் செடியும் நிழலைக் கண்டு ஓடுவதில்லை. காட்டின் அடித்தளத்தில் பிறந்து வளர்ந்த இனங்களுக்கு ஓடிப் பயனில்லை. நூறடி மரத்தோடு போட்டி போட முடியுமா? அவை தண்டை நீட்டாமல் இலையை அகலமாகவும் மெல்லியதாகவும் விரித்து, கிடைக்கும் சொற்ப வெளிச்சத்தை வாரிக்கொள்கின்றன. காபியும் ஏலமும் இந்த ஜாதி. நம் வெற்றிலைக் கொடியை அகத்தி நிழலில் வளர்ப்பதும் இதனால்தான்.

இப்படி நிழலில் உருவான இலைக்கு ஒரு பலவீனம் உண்டு. திடீரென்று நல்ல வெயிலில் கொண்டுபோய் வைத்தால் வாங்கிய ஒளியைச் சமாளிக்க முடியாமல் வெளுத்துக் கருகும். வெயில் இலை தடிப்பானது, நிழல் இலை மெல்லியது. ஒரு தடவை நிழலுக்கென்று அமைந்த இலை பெரும்பாலும் வெயில் இலையாக மாறாது, புது இலைதான் வர வேண்டும். ஆகவே காபி நாற்றுப் பண்ணைகளில் பந்தலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து, நாற்றை வெயிலுக்குப் பழக்கிய பிறகே தோட்டத்துக்கு அனுப்புவார்கள். நர்சரியில் பச்சை வலைக்குள் இருந்த செடியை வாங்கி வந்து, அன்றைக்கே மொட்டை மாடியில் வைத்து, மூன்றாம் நாள் 'செடிக்காரன் ஏமாற்றிவிட்டான்' என்று சண்டைக்குப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சன்னல் துளசி

சால் வீட்டுச் சன்னலில் டால்டா டப்பாவில் வைத்த துளசி ஒரு பக்கமாகச் சாய்வதற்குக் காரணம் வேறு. 1880-ல் சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் கூண்டுப் பறவைகளுக்குத் தீவனமாகும் ஒருவகைப் புல்லின் முளையை வைத்து இதைப் பார்த்தார்கள். முளையின் நுனிக்கு மட்டும் சிறு தொப்பி போட்டு மறைத்தால் அது வெளிச்சத்தின் பக்கம் வளையவில்லை. நுனியை விட்டுவிட்டு அடியை மறைத்தால் வளைந்தது. பார்ப்பது நுனி, வளைவது கீழே. நடுவில் ஏதோ தூது போகிறது என்று எழுதினார்கள். சுமார் நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து ஹாலந்து நாட்டு வெண்ட் அந்தத் தூதைப் பிடித்தார். இன்று அதற்கு ஆக்ஸின் என்று பெயர். வெளிச்சம் படாத பக்கத்தில் அது கூடுதலாகச் சேர, அந்தப் பக்கம் அதிகம் நீண்டு, தண்டு வெளிச்சத்தின் பக்கம் சாய்கிறது. இரண்டு நாளுக்கொரு முறை டப்பாவைக் கால் வட்டம் திருப்பி வைத்தால் நேராக நிற்கும்.

வீட்டுக்குள் விளக்கொளியில் நாற்று வளர்க்க முயல்பவர்களுக்கு ஒரு தகவல். பழைய குண்டு பல்பில் தொலைச்சிவப்பு அதிகம், அதனடியில் முளை நீண்டு துவளும். டியூப் லைட்டிலும் இன்றைய வெள்ளை எல்.ஈ.டி. விளக்கிலும் அது குறைவு, முளை கட்டுக்குள் இருக்கும். ஆனால் கூரையில் தொங்கும் விளக்கின் பலம் செடிக்கு வயிறு நிறையப் போதாது. விளக்கைச் செடிக்கு ஓரடி அருகில் இறக்க வேண்டியிருக்கும்.

2016-ல் கேம்பிரிட்ஜிலும் பியூனஸ் ஏர்ஸிலும் இரண்டு குழுக்கள் இன்னொன்றையும் கண்டன. இந்தப் பைட்டோகுரோம் சுவிட்ச் சூட்டிலும் அசைகிறது. வெப்பம் கூடினால், தொலைச்சிவப்பு படாமலே, அது விரைவாகத் தூங்கும் நிலைக்குத் திரும்புகிறது, தண்டு நீள்கிறது. மே மாதத்தில் தகரக் கூரைக்கடியில் தொட்டியில் வைத்த வெந்தய நாற்று, சன்னலோரத்தில் வைத்திருந்தும் நூலாக நீண்டு விழுந்துவிடுகிறது என்று குறைப்படுகிறவர்கள், இரவில் அதை வெளியே நடைக் காலரியில் வைத்துப் பார்க்கலாம். இருட்டு நேரத்துச் சூட்டில்தான் அந்தச் சுவிட்ச் அதிகம் வழுக்குகிறது.